ஞாயிற்றுக்கிழமைத் தொடைக்கறி

எங்கள் முந்திரித் தோப்புக்கு நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் ஓயாமல் ஓடிய காலத்தில் என் வீட்டுக்காரர் அங்கிருந்துதான் வெள்ளைக் களி வெட்டிக் கொடுத்தார். மேலே செம்மண், ஆள் உயரம் தோண்டினால் வெண்ணெய் மாதிரி களி. வெட்டி வெட்டி அரைக் காணிக்கு மேல் பள்ளமாகிவிட்டது. அவர் போன பிறகு மண் கொடுப்பதை நான் நிறுத்தினேன். மழைத் தண்ணீர் நின்று அது குட்டையாகிவிட்டது. கோடையிலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் கிடக்கும். என் இரண்டு மாடுகளும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். கொக்கு, மடையான், நீர்க்கோழி எல்லாம் வரும். மயில் கணக்கில்லாமல் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடுகளைத் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு போனேன். முன்னால் போன பசு கரையில் நின்று தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு, மூச்சைச் சீறி விட்டுத் திரும்பிக்கொண்டது. கிட்டே போய்ப் பார்த்தேன். கரையோரம் ஒரு குடல் மிதந்தது. பக்கத்தில் இறகுகள், ரத்தம் தோய்ந்த பேப்பர், பிரியாணி வாங்கிய டப்பா, பாதி தின்ற முட்டை, கழுத்து உடைந்த சாராய பாட்டில் இரண்டு. தண்ணீருக்கு மேலே எண்ணெய் படர்ந்து வெயிலில் மினுக்கியது. ஈ மொய்த்த மொய்ப்பில் குடல் அசைவது போலிருந்தது. அறுத்தவன் தண்ணீரிலேயே கை கழுவி, தண்ணீரிலேயே கழிவைக் கொட்டி, தண்ணீருக்குப் பக்கத்திலேயே வெளிக்கும் உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தான். நான் சொல்வதற்கு வெட்கப்படவில்லை. செய்தவனே வெட்கப்படவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்த் தோப்பில் உட்கார்ந்துகொண்டேன். வெயில் ஏறுவதற்கு முன்பே ஒரு வெள்ளை ஜீப், முள்வேலியை ஒதுக்கிவிட்டு, என் முந்திரிக் கிளைகளை முறித்துக்கொண்டு உள்ளே வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் துப்பாக்கி. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் புலிநகம் தொங்கும் சங்கிலி. நாற்பது வயசு இருக்கும். மற்ற இரண்டு பேர் கையிலும் போன். அவர் சுடுவதை இவர்கள் படம் பிடிப்பதற்காகவே வந்திருப்பார்கள் போலிருக்கிறது. பின்னாலிருந்து துப்பாக்கிப் பையைத் தூக்கிக்கொண்டு நாலாவதாக இறங்கினவனைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் எங்கள் பக்கத்துத் தெருக்காரன். அவன் அப்பன் வலை போட்டு முயல் பிடித்தவன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் புதரில் எது படுத்திருக்கும் என்று அந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

யாரைக் கேட்டு உள்ளே வந்தீர்கள் என்று கேட்டேன். துப்பாக்கிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வழி காட்ட வந்தவன்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னான்:

"நீங்க போங்க பெரியம்மா. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லிட்டுத்தான் வந்திருக்கோம்."

பட்டா என் பேரில் இருக்கிறது. சொல்ல வேண்டிய இடம் என்று வேறு ஒரு இடம் இருப்பது எனக்குத் தெரியாது. பஞ்சாயத்தில் யாரிடமோ சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கையிலிருந்த கோலைத் தரையில் தட்டி, வெளியே போங்கள் என்றேன். போன் வைத்திருந்தவர்களில் ஒருவன் அதையும் படம் பிடித்தான். பிடித்துவிட்டுச் சிரித்தான். அதற்குள் துப்பாக்கி வெடித்து, குட்டை ஓரத்திலிருந்த கொக்கெல்லாம் ஒரே வெள்ளையாக எழும்பிப் போனது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வேட்டை என்றால் காதைப் பொத்திக்கொள்கிறவள் இல்லை நான். முயல்கறி, கவுதாரிக்கறி தின்றவள்தான். எங்கள் பக்கத்தில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கும் நிலத்துக்காரர்களுக்கும் இடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நிலத்தில் எது விழுந்தாலும் அதில் ஒரு தொடை அந்த நிலத்துக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும். தொடையை வாங்கி உள்ளே வைத்துவிட்டால், அந்த வருஷம் முழுக்க நிலத்தில் நடக்கலாம், கேட்பார் இல்லை. பச்சைத்தொடையாக அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டால், கால் வைக்கக் கூடாது. வாயால் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் இருந்தவரை வாங்கினோம். அவர் இறந்துபோன வருஷம் மகன் சின்னப் பையன். ஆம்பளை இல்லாத நிலம் என்று இஷ்டத்துக்கு நடப்பார்கள் என்று நினைத்து, வந்த முயல்தொடையை வாசலிலேயே திருப்பினேன். கொண்டு வந்தது இந்த வழிகாட்டியின் அப்பன்தான். ஒரு பேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டு போனான். அன்றிலிருந்து என் தோப்பில் வேட்டைக்காரன் ஒருவன் கால் வைத்ததில்லை. எனக்கு இருக்கிற சொத்தில் பெரியது அதுதான். போகாதே என்று நான் சொன்னால் போகாமல் இருந்தார்கள்.

அந்தச் சொல்லைத்தான் இந்த ஜீப்காரர்கள் சக்கரம் ஏற்றி நசுக்கிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரத்தில் தோப்புக்குள் ஒரு பெட்டை மயிலைப் பார்த்தேன். ஒரு கால் முறிந்து தோலில் தொங்கியது. இறக்கையை ஊன்றி ஊன்றி, முந்திரிச் சருகுக்குள் இழுத்துக்கொண்டே போனது. பிடிக்கப் போனால் கொத்தியது. சோளத்தைத் தூக்கிப் போட்டேன், தின்னவில்லை. அடுத்த நாள் புண்ணில் புழு. மூன்றாம் நாள் எறும்பு கண்ணுக்குள் போய்விட்டது, தலை மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மயிலை நான் வையாத வசவு இல்லை. விதைத்த மல்லாட்டைக் கடலையைக் கிளறித் தின்றுவிட்டுப் போகும் சனியன்கள் என்று கல்லெடுத்து அடித்திருக்கிறேன். ஆனால் இது வேறு. சுட்டவன் அதை எடுத்துப் போய்த் தின்றிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. சுட்டது படத்தில் விழுந்துவிட்டது. அவனுக்கு அது போதும், பறவை எங்கே கிடந்தால் என்ன.

என் மகனிடம் சொன்னேன். அவனுக்குப் பீங்கான் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர் வேலை. கரண்டு பியூஸ் போடுகிற பீங்கான் கட்டை செய்கிற கம்பெனி. சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். நான் சொல்லி வைக்கிறேன், நீ போய்ச் சண்டை போடாதே என்றான். ஃபாரஸ்ட் ஆபீஸுக்குப் போகட்டுமா என்றேன். வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னான். தலையை நிமிர்த்தவே இல்லை. அந்த அவசரத்தை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஜீப் வருவது நிற்கவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தது, அதற்கடுத்த ஞாயிறும் வந்தது, இப்படியே ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. அப்போதுதான் பிராது கட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். டவுனுக்கு மேற்கே மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். முருகன்தான். போலீஸில் தீராததை, கோர்ட்டில் தீராததை எங்கள் ஜனங்கள் அவரிடம் எழுதிக் கொடுப்பார்கள். இன்னார் எனக்கு இன்ன தப்பு செய்தார், நீதான் கேட்க வேண்டும் என்று பேர் ஊரோடு காகிதத்தில் எழுதி, சாமி காலில் வைத்து எடுத்து, அதே கோயிலில் காவல் நிற்கிற முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். அதுதான் பிராது. தீர்ந்த பிறகு கட்டினவரே போய் வாபஸ் வாங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சம்மன் வந்தால் மறைத்து வைத்துவிட்டுத் தூங்குகிறவன்கூட, உன் மேல் பிராது கட்டியிருக்கிறார்கள் என்றால் சோறு தின்ன மாட்டான். நான் என் ஆயுசில் ஒரு பிராது கட்டினதில்லை. என் கொழுந்தனார் வரப்பை நகர்த்தி நட்டபோதுகூடக் கட்டவில்லை. என் வாயாலேயே தீர்த்துக்கொண்டேன். இதற்குக் கட்டலாம் என்று தோன்றியது. மயிலைச் சுடுகிறவனைப் பற்றி மயில் வாகனனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

பிராது எழுத ஜீப்காரர் பேர் வேண்டும். பஸ் நிறுத்தத்துக் கடையில் தவிடு வாங்கப் போனபோது அந்த வழிகாட்டி டீ குடித்துக்கொண்டிருந்தான். முதலாளி பேர் என்ன, எந்த ஊர், சொல் என்றேன். எதற்கு என்றான். பிராதுக்கு என்றேன். அவன் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றது.

"பெரியம்மா, வெளையாடாதீங்க. தொடையையும் வாங்கிக்கிட்டு பிராதும் கட்டுவீங்களா?"

"எவடா தொட வாங்குனா?"

"வாரா வாரம் நான்தான் கொண்டாந்து உங்க வூட்டு வாசல்ல உங்க மகன் கையில குடுக்கறேன். ஏழு வாரமாவுது. எங்கப்பா காலத்து மொற தப்பக் கூடாதுன்னு மொதலாளிகிட்ட நான்தான் சொன்னேன். மொத வாரம் திருப்பியிருந்தீங்கன்னா நான் ஏன் அவங்கள இட்டாரப் போறேன்?"

கடைக்காரர் தராசை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். என்ன தொடை என்று நான் கேட்டேன். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"மயிலுத் தொட. உங்களுக்குத் தெரியாதா?"

தவிட்டை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். வீடு வருகிற வரைக்கும் என் வாய்க்குள் ஏழு ஞாயிற்றுக்கிழமையும் திரும்பத் திரும்ப வந்தது. கறி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொதிக்கும்போதே மோந்து பார்த்து இது சேவல், இது முட்டையிட்ட கோழி என்று சொல்லிவிடுவேன். பந்தியில் உட்கார்ந்து பிராய்லரைக் கலந்துவிட்டார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னவள். அந்த ஏழு வாரமும் மருமகள் நாட்டுக்கோழி என்று வைத்தாள். நான் நாட்டுக்கோழி என்று தின்றேன். கறி கறுப்பாக இருக்கிறதே என்றதற்கு, வயசான கோழி அத்தை என்றாள். ஆமாம், வயசான கோழிதான், இன்னும் ரெண்டு கொதி விட்டிருக்கணும் என்று நானே அவளுக்குப் புத்தி சொன்னேன். எலும்பைக் கடித்து உறிஞ்சினேன். தோப்பில் காலொடிந்த மயில் இழுத்துக்கொண்டு போன அந்த வாரத்திலும் நான் குழம்பு இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.

வேலிப் பக்கம் போய் வாந்தி எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. தின்று நாளாகிவிட்டதே, எங்கிருந்து வரும். வெறும் புளித்த தண்ணீர்தான் வந்தது. அதைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மருமகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் கண் விரிந்துவிட்டது. மகன் அவளிடம் சொல்லியிருந்தது வேறு. முதலாளி வீட்டில் வான்கோழி வளர்க்கிறார்கள், அதில் கொடுத்தார் என்றிருக்கிறான். வான்கோழி என்றால் நான் தின்ன மாட்டேன் என்று அவள் நாட்டுக்கோழி என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள். அவன் ஒரு பொய், அவள் ஒரு பொய், நடுவில் என் நாக்கு ஒரு பொய். சொன்னதும் அவளும் வேலிப் பக்கம் ஓடினாள்.

சாயங்காலம் மகன் வந்தான். பைக்கை நிறுத்தும்போதே எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துத் தெரிந்துகொண்டான். அப்போதுதான் முழுசும் வெளியே வந்தது. அந்த வெள்ளைச் சட்டைக்காரர்தான் இவனுக்கு முதலாளி. உங்கள் தோப்பில் மயில் நிறைய வருமாமே என்று கேட்டிருக்கிறார். தாராளமாக வாங்க என்று இவன் பல்லைக் காட்டியிருக்கிறான்.

"மொதலாளி ஆசையா குடுக்கறத வேணான்னு எப்படிம்மா சொல்றது? கறிதானேன்னு வாங்கிட்டேன். அதுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்குதுன்னு எனக்கு யாரு சொன்னா?"

அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. வழக்கத்தை நான் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அவன் அப்பாவும் சொல்லவில்லை. துப்பாக்கிப் பை தூக்குகிறவனுக்குத் தெரிந்திருந்தது, நிலத்துக்காரன் மகனுக்குத் தெரியவில்லை. ஃபாரஸ்ட்காரர்களிடம் போனால் தின்ற நம் மேலும் கேஸ் வரும் என்றான். அதற்காகத்தான் அன்றைக்கு வேண்டாமென்று அவசரப்பட்டாயா என்று கேட்டேன். அவன் சட்டையில் பீங்கான் மாவு வெள்ளையாகப் படிந்திருந்தது. தினமும் அதைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான். அன்று தட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் வழிகாட்டி வழக்கம்போல ஒரு கேரி பேக்கோடு வாசலுக்கு வந்தான். மகன் எழுந்திருக்கவில்லை. நான் போய் வாங்கினேன். இன்னும் சூடு இருந்தது. பைக்குள் ரத்தம் தேங்கி, கையில் கனத்தது. அதைத் தூக்கிக்கொண்டு தோப்புக்கு நடந்தேன். அவன் பின்னாலேயே வந்தான். என்ன பெரியம்மா, எங்கே போகிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டான். தெரியாமல் கேட்கவில்லை.

ஜீப்பை முந்திரி நிழலில் நிறுத்தியிருந்தார்கள். முதலாளி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார். எண்ணெய்க் கையோடு நிமிர்ந்து பார்த்தார். நான் பையை ஜீப்பின் மூக்கில் வைத்தேன். அது சரிந்து, வெள்ளைப் பெயிண்டில் சிவப்பாக ஒரு கோடு வழிந்தது.

"என்னா ஆயா, கறி பத்தலியா? இன்னொரு தொடையும் தரச் சொல்றேன்" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இது உங்களுது தம்பி. நீங்களே வச்சுக்குங்க. இனிமே என் நெலத்துல கால் வைக்காதீங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கிழவி கறியைத் திருப்பிக் கொடுக்கிறாள், அவ்வளவுதான் அவருக்கு. ஆனால் பின்னால் நின்றவனுக்குப் புரிந்தது. தோளிலிருந்து துப்பாக்கிப் பையைக் கழற்றி, மெதுவாகப் புல்லில் வைத்தான். நான் வரேங்க மொதலாளி என்றான். எங்கடா போற என்று அவர் அதட்டினார். திருப்பிட்டாங்க, இனிமே இங்க நான் நிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, ரோட்டைப் பார்த்து நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் அப்பனும் இப்படித்தான் போனான்.

முதலாளி எழுந்து கையைத் துடைத்தார். எதில் துடைத்தார் தெரியுமா, என் முந்திரி இலையில். துடைத்துக் கசக்கி என் காலடியில் போட்டார்.

"உங்க மகன் நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கம்பெனிக்கு வரான்னு பாக்கறேன்."

அதைக் கேட்டு எனக்குப் பயம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. ஆனால் அவர் வாயோரத்தில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைப் பார்த்ததும் பயத்தை அருவருப்பு தள்ளிவிட்டது. இப்படிப்பட்டவர் கையிலா என் மகன் கை நீட்டி வாங்கினான் என்று இருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மணவாளநல்லூருக்குப் போனேன். பிராதை முந்தின நாளே என் கையால் எழுதிவிட்டேன். நான் ரெண்டாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத அரைநாள் ஆகிவிட்டது. மருமகள் எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அவள் எழுதினால் அழகாக இருக்கும். இது அழகான விஷயம் இல்லை.

கோயிலில் பிராது வாங்குகிறவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் கோணல் எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். எதிரிகள் என்ற இடத்தில் நாலு பேர். சுட்ட முதலாளி ஒன்று. வழிகாட்டினவன் இரண்டு. தொடை வாங்கின என் மகன் மூன்று. நாலாவதில் அவர் விரல் நின்றது.

"ஆயா, பிராது குடுக்கறவங்க பேர மேல எழுதணும். நீங்க உங்க பேர எதிரிங்க பேரோட சேத்து எழுதிட்டீங்க."

"மேலயும் எழுதியிருக்கேன், கீழயும் எழுதியிருக்கேன். சரியாத்தான் இருக்குது."

"உங்க மேல நீங்களே பிராதா?"

"தின்னது நான்தானே."

இப்படி யாரும் கட்டினதில்லை என்றார். விதியில் கூடாதென்று இருக்கிறதா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லை என்றார். முத்திரை போட்டுக் கொடுத்தார். சாமி காலில் வைத்து எடுத்து, முனியப்பர் வேலில் நானே நூல் சுற்றிக் கட்டினேன். ஆயிரம் காகிதம் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் மற்றவர்களைப் பற்றி எழுதியிருப்பார்கள்.

பிராது கட்டினதை நான் ஒளித்து வைக்கவில்லை. பஸ்ஸிலேயே நாலு பேரிடம் சொன்னேன். சாயங்காலத்துக்குள் கம்பெனி வரைக்கும் போய்விட்டது. மகனைச் சூப்பர்வைசர் வேலையிலிருந்து எடுத்து, களி பிசைகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். தினமும் முழங்கை வரைக்கும் சேறோடு வந்தான். என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. நடுவில் மருமகள்தான் நான் அவனுக்குச் சொல்ல வேண்டியதையும் அவன் எனக்குச் சொல்ல வேண்டியதையும் சுமந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஜீப் தார் ரோடு வரை வந்து நின்றதாம். வழிகாட்ட ஆள் இல்லை. அந்தத் தெருவில் வேறு யாரும் கூடப் போக ஒப்பவில்லை. திரும்பிவிட்டது.

பிறகு அந்தக் கம்பெனியில் ஒரு சூளைச் சரக்கு முழுக்க வெடித்துப் போனது. திறந்து பார்த்தால் பியூஸ் கட்டை அத்தனையும் கீறல். வேலை செய்கிற பெண்கள் பிராதுதான் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. களி வெட்டிக் கொடுத்த வீட்டில் வாழ்ந்தவள் நான். ஈரம் காயாமல் சூளை ஏற்றினால் சாமி வந்தாலும் வெடிக்கும். நன்றாக வேலை தெரிந்த சூப்பர்வைசரைக் களி பிசைய அனுப்பிவிட்டால் ஈரத்தை யார் பார்ப்பது? ஆனால் நான் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

முதலாளியின் பெண்சாதி காரில் வந்தாள். தட்டில் பழம், பூ, வெற்றிலை. பாவம், நல்ல மாதிரி. மயில் விஷயமே அவளுக்குத் தெரியாதாம். அவளுக்கும் வான்கோழி என்றுதான் போயிருக்கிறது. கேட்டதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாபஸ் வாங்கிவிடுங்கள் அம்மா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். உன் வீட்டுக்காரர் வந்து, என் எதிரில், நிலத்தில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லட்டும் என்றேன்.

இரண்டு நாள் கழித்து வந்தார். ஜீப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு வேலிக்கு வெளியே நின்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. இனிமே வர மாட்டேன் ஆயா, சாரி என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கூட நின்ற என் மகனைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற குரலா அது? சில்லறை கொடுத்துவிட்டு நகரச் சொல்கிற குரல். அதுவும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் கேட்டது அவர் மனசை இல்லை, அவர் காலை. கால் வேலிக்கு வெளியே நின்றது. சரி என்றேன். மகனுக்குப் பழைய வேலை அன்றைக்கே திரும்பக் கிடைத்தது.

வாபஸ் வாங்க மகனே என்னைப் பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் என் பக்கத்தில் வந்தான். கோயில் வாசலில் செருப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நின்றுகொண்டான். உள்ளே வரவில்லை. பிராது வாங்கினவர் என்னை மறக்கவில்லை. குறை தீர்ந்ததா என்று கேட்டார். முதல் மூன்று பேருக்குத் தீர்ந்தது என்றேன். சுட்டவர் வர மாட்டேன் என்றுவிட்டார். வழிகாட்டினவன் அன்றே போய்விட்டான். மகன் களி பிசைந்தான். அவர்கள் பேரை அடித்துவிடுங்கள், நாலாவது பேர் இருக்கட்டும் என்றேன்.

"பாதி வாபஸெல்லாம் கெடையாது ஆயா. எடுத்தா மொத்தமா எடுக்கணும்."

"அப்போ மொத்தமா இருக்கட்டும்."

அவர் எவ்வளவோ சொன்னார். சாமிக்குத் தெரியும், தெரியாமல் தின்றது பாவத்தில் சேராது என்றார். தெரியாமல்தான் தின்றேன். ஆனால் கறுப்பாக இருக்கிறதே என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. நாக்குக்கும் வேறுபாடு தெரிந்தது. எனக்குத் தெரியாத கறியா என்ற திமிரில், தெரிந்ததைத் தள்ளிவிட்டுத் தின்றேன். அதை அவருக்கு எப்படிச் சொல்வது? கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மகன் செருப்பை எடுத்து என் காலடியில் போட்டான். எடுத்தாச்சா என்று கேட்டான். இல்லை என்று நடந்ததைச் சொன்னேன். முதலாளி கேட்டால் என்ன சொல்வது என்ற கவலை அவன் முகத்தில் ஓடியது. சூளை வெடித்த பயத்தில், வேலில் காகிதம் தொங்குகிற வரைக்கும் அவர் இவனைத் தொட மாட்டார் என்பது அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை.

"உனக்கு எப்பம்மா தீரும்?" என்றான்.

"ஏழு ஞாயித்துக்கெழம தின்னுருக்கேன். செரிக்கட்டும்" என்றேன்.

பைக்கை உதைத்தான். நான் ஏறி உட்கார்ந்தேன்.